பித்தன் பங்கு

போன பிரதோஷத்தன்று மாட வீதியில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பார்த்தால் சர்க்கரை, முட்டி வலி என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அன்று அதெல்லாம் இல்லை. ஓரமாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "சார், நீங்க பத்திர ஆபீஸ்ல இருந்தவர். ஒரு வழி சொல்லுங்க. சின்னவன் பேருக்கு வீட்டை எழுதினா மூணே மாசத்துல வித்துக் குடிச்சிடுவான். பெரியவன் பேருக்கு எழுதினா சின்னவன் தெருவுல நிப்பான். எனக்கு அப்புறம் அவனை யார் பார்ப்பாங்க?"

வீட்டுக்கு வாருங்கள், நிதானமாகப் பேசுவோம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்பது வருஷத்துக்கு முன் என் வீட்டில் நான் தப்பாக நடந்துகொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் கேள்வியின் வரலாறு.

பித்தும் பத்திரமும் சேர்ந்து வருகிற வழக்கு நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. திருவெண்ணெய்நல்லூர் வழக்கைத்தான் சொல்கிறேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். ஒரு கிழவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் தன்னையும் தன் வம்சத்தையும் எனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறார். சபையார் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை எடுத்து வரச் செய்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தர்கள் இதில் தடுத்தாட்கொண்ட கருணையைப் பார்ப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் பதிவுத் துறையில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, படியை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், மூலப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு, ஒருவனைப் பித்தன் என்று சொல்லிவிட்டதால் அவன் உரிமை போய்விடாது. சபை கேட்டது பத்திரம் உண்மையா என்ற ஒரே கேள்வியைத்தான். எதிரே நிற்பவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை.

ஆனால் நம் பழைய தர்ம சாஸ்திரம் அந்தச் சபை மாதிரி நடந்துகொள்ளவில்லை. பித்துப் பிடித்தவன், பிறவிக் குருடன், பிறவிச் செவிடன் முதலானவர்களுக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று மனு சொல்கிறது. 900 வருஷத்துக்கு முன், கல்யாணியில் ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம்தான் பிற்காலத்தில் நம் பக்கத்துக் கோர்ட்டுகளுக்கு ஆதாரமாக இருந்தது. அதிலும் பங்கு இல்லைதான். ஆனால் அவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார். அப்படிப்பட்டவனுக்குச் சாகும் வரை சோறும் துணியும் குடும்பம் கொடுத்தாக வேண்டும். அவனுடைய மகன் குறையில்லாதவனாக இருந்தால் அந்த மகனுக்குப் பங்கு உண்டு. பாகம் பிரித்த பிறகு மருந்தால் நோய் தீர்ந்தால் அவனுக்கும் பங்கு உண்டு. இந்த மூன்றாவது விதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பித்து தீரக்கூடிய நோய் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் நினைத்திருக்கிறார்.

குடிக்கும் பழைய சட்டத்தில் இடம் உண்டு. அப்பன் பட்ட கடனை மகன் அடைக்க வேண்டும், அது அவன் தர்மம் என்பது விதி. ஆனால் கள்ளுக்கும் சூதுக்கும் கூத்திக்கும் வாங்கிய கடன் மகனைக் கட்டாது என்று ஸ்மிருதிகள் விலக்குக் கொடுத்தன. வெள்ளைக்காரன் கோர்ட்டிலும் இந்த விலக்கு செல்லுபடியானது. அப்பன் குடித்துத் தீர்த்த கடனுக்குப் பூர்வீக நிலம் ஜப்திக்கு வந்தால், கடன் எதற்காக வாங்கியது என்று பிள்ளைகள் நிரூபித்து நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு அந்தத் தர்மக் கடமையே இல்லை என்று எடுத்துவிட்டார்கள்.

கும்பினிக்காரர்கள் 1794-ல் சென்னை புரசைவாக்கத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்கள். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. ஒருவரைப் பார்த்து "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே அர்த்தம் புரிகிற அளவுக்கு அந்த ஊர்ப் பெயர் கெட்டுப்போனது அதனால்தான். ஆளை ஆஸ்பத்திரியில் அடைத்தால் அவர் நிலபுலத்தை யார் பார்ப்பது? அதற்காக 1858-ல் சட்டங்கள் வந்தன. 1912-ல் அவற்றை ஒன்றாக்கி இந்தியப் பைத்தியச் சட்டம் என்று போட்டார்கள். ஜில்லா கோர்ட்டில் மனுப் போட வேண்டும். நீதிபதி விசாரித்து, சொத்துக்கு மேனேஜரையும் ஆளுக்குக் கார்டியனையும் நியமிப்பார். நிலம் இருந்தால் கலெக்டரிடம் ஒப்படைக்கலாம்.

அந்த 1912 சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. நோயாளி செத்தால் யாருக்குச் சொத்து வருமோ, அந்த வாரிசை அவருடைய உடலுக்குக் கார்டியனாகப் போடக் கூடாது. போடுவதானால் அது நோயாளிக்கு நல்லது என்பதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சட்டம் எழுதினவனுக்கு மனுஷ மனசு தெரிந்திருந்தது. சோறு போடும் கைக்கே சொத்தும் வரும் என்றால், அந்தக் கை எப்போதாவது தயங்கும் என்று அவன் பயந்திருக்கிறான்.

பங்கே கிடையாது என்ற பழைய விதி 1928 வரை நின்றது. அந்த வருஷம் வந்த சட்டம், பிறவியிலேயே புத்தி சுவாதீனம் இல்லாதவர் தவிர மற்ற யாரையும் நோயையோ ஊனத்தையோ காட்டி விலக்கக் கூடாது என்றது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த மிச்சத்தையும் எடுத்துவிட்டது. எந்த நோயும் எந்தக் குறையும் வாரிசு உரிமைக்குத் தடையல்ல என்பது அதன் 28-வது பிரிவு. ஆக, இன்றைக்குப் பித்தனுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவன் கையில் எப்படிக் கொண்டு சேர்ப்பது, சேர்ந்த பிறகு எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பாக்கி.

இங்கே கொஞ்சம் புதுச்சேரிப் பேச்சு. நான் படித்தது அங்கே, பிரெஞ்சு வழியில். அப்பா பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் குமாஸ்தா. நெப்போலியன் காலத்து 'கோத் சிவில்' சட்டம் எங்களைப் போன்ற இந்துக்களுக்கு வாரிசு விஷயத்தில் பொருந்தாது. அவரவர் சாதி வழக்கப்படி தீர்ப்புச் சொல்வது என்று 1819-லேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். 1881-க்குப் பிறகு தனி வழக்கத்தைத் துறந்து கையெழுத்துப் போட்ட 'ரெனோன்சான்' குடும்பங்களுக்குத்தான் பிரெஞ்சுச் சட்டம். அந்தக் குடும்பங்களின் கட்டுகளைத் தைத்து அடுக்கியவர் அப்பா. சாப்பிடும்போது கதையாகச் சொல்வார்.

அந்தச் சட்டத்தில் பித்தனையும் ஊதாரியையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். புத்தி முழுக்கப் போனவனுக்கு மைனர் மாதிரி முழுத் தடை. சொத்தை அழிக்கும் ஊதாரிக்கு அவ்வளவு இல்லை. அவனுக்குக் கோர்ட் ஓர் ஆலோசகரை நியமிக்கும். 'கொன்சேய் ஜுடிசியேர்' என்பார்கள். கடன் வாங்க, விற்க, அடமானம் வைக்க அந்த ஆலோசகர் கூட இருக்க வேண்டும். மற்றபடி அவன் சுதந்திர மனுஷன். 1968-ல் பிரான்சில் இதை மாற்றி எழுதியபோது குடியையும் பேர் சொல்லிச் சேர்த்தார்கள்: ஊதாரித்தனத்தாலோ குடியாலோ சோம்பலாலோ வறுமையில் விழப்போகிறவருக்கும் துணை வேண்டும் என்று. பிறகு 2007-ல் செய்த சீர்திருத்தத்தில், ஒருவன் சோம்பேறி, குடிகாரன் என்பதற்காக மட்டும் அவன் உரிமையில் கை வைப்பது சரியில்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் குடிகாரனுக்கு இப்படி ஒரு பாதி வழி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போதையில் இல்லாத நேரத்தில் போடும் கையெழுத்து முழுக் கையெழுத்துதான்.

பாதுகாப்பு என்ற பெயரில் அநியாயமும் நடக்கும். பள்ளியில் பல்ஸாக் எழுதிய ஒரு குறுநாவல் படித்தோம். ஒரு பிரபு, தன் முன்னோர் அநியாயமாக அடைந்த சொத்து என்று தெரிந்து, உரியவரின் வம்சத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார். மனைவி அவருக்குப் பைத்தியம் என்று கோர்ட்டுக்குப் போகிறாள். நேர்மையான நீதிபதி உண்மையைக் கண்டுபிடிக்கிறார், உடனே அவரை அந்த வழக்கிலிருந்து மாற்றிவிடுகிறார்கள். சொத்தை நியாயமாகக் கொடுத்தவனும் பைத்தியம் ஆகிவிடுகிறான்.

இங்கிலாந்தில் 1870-ல் இதற்கு எதிரான ஒரு தீர்ப்பு வந்தது. பாங்ஸ் என்பவருக்குப் பேய்கள் தன்னைத் துரத்துகின்றன என்ற பிரமை. அவர் உறவுப் பெண் ஒருத்திக்கு உயில் எழுதி வைத்தார். உயில் செல்லும் என்றது கோர்ட். எழுதுவது உயில் என்று தெரிகிறதா, என்ன சொத்து என்று தெரிகிறதா, யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று தெரிகிறதா, பிரமை அந்த உயிலுக்குள் புகாமல் இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. நம் 1925 வாரிசுரிமைச் சட்டமும் அதையொட்டித்தான் போகிறது. புத்தி பேதலித்தவரும் தெளிந்திருக்கும் வேளையில் உயில் எழுதலாம். குடியாலோ நோயாலோ தான் என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் எழுதக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம். ஊரார் பித்தன் என்று சொன்னவர்களை இந்த ஊர் சித்தன் என்று கும்பிட்டிருக்கிறது. சேஷாத்ரி சுவாமிகள் 1889-ல் இங்கே வந்து 1929-ல் சமாதி ஆகும்வரை, அவரைப் பைத்தியம் என்றவர்களும் உண்டு, மகான் என்றவர்களும் உண்டு. கோவணத்தைத் தவிர ஒன்றும் வைத்துக்கொள்ளாத ரமணர்கூட, ஆசிரமச் சொத்து பற்றி வழக்கு வந்த பிறகு 1938-ல் உயில் எழுதினார். கையெழுத்து என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஒரு கோடு போட்டார். அன்னையின் கோயிலுக்கு என்று சொத்தை வைத்து, அதை நிர்வாகம் செய்யத் தம்பியையும் அவர் வழியையும் ஏற்படுத்தினார். தனக்கென்று ஒன்றுமில்லாத துறவியே தனக்குப் பிறகு சண்டை வரக் கூடாது என்று நினைத்தார் என்றால், நாம் எம்மாத்திரம்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரிவலப் பாதையில் அழுக்குத் துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பவர்கள் எல்லோரும் சாமியார்கள் அல்ல. சோறு கிடைக்கும், அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று சொந்தக்காரர்களே கோயில் ஊரில் விட்டுவிட்டுப் போவது பழைய வழக்கம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியலில் கீற்றுக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு வீடும் அதில் ஒரு பங்கும் இருந்திருக்கும்.

இப்போது என் கதை.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட ஐந்து வயது சின்னவன், என்னைவிடக் கெட்டிக்காரன். பத்தொன்பது வயதில் அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கீழ்ப்பாக்கம், பிறகு மாத்திரை, பிறகு புதுச்சேரி எல்லையில் கிடைத்த மலிவுச் சாராயம். அப்பா ஓய்வு பெற்று அம்மாவின் ஊரான இங்கே வந்து, கோயிலுக்கு வடக்கே ஒரு சின்ன வீடு வாங்கினார். அடுத்தவர் குடும்பத்து ஊதாரிக் கட்டுகளை எல்லாம் தைத்த மனிதர், தன் மகனுக்காக ஒரு வரி எழுதவில்லை. 1981-ல் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அம்மா, அக்கா, தம்பி, நான் என நாலு பேருக்கும் சம பங்கு.

1983-ல் வீட்டுக் கடன் வாங்குவதற்காக மூன்று பேரும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பவர் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டம் 35-வது பிரிவில் இருக்கிறது. அதை அந்த ஆபீஸிலேயே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவன் நான். அன்று காலை தம்பிக்கு என் கையாலே மாத்திரை கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, "கேட்டா தெரியும்னு மட்டும் சொல்லுடா, வேற எதுவும் பேசாதே" என்று சொல்லி அழைத்துப் போனேன். அதிகாரி என்னைத் தெரிந்தவர். "தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடறீங்க?" என்று கேட்டார். "தெரியும்" என்றான். பிரெஞ்சுப் பள்ளியில் கற்ற சாய்வெழுத்தில், அப்பா கையெழுத்தைவிட அழகாகப் போட்டான்.

அவனை நான் தெருவில் விடவில்லை. என் மனைவிதான் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். அதனால் நான் செய்தது தப்பே இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கொஞ்ச காலம் நன்றாகத் தெளிந்திருந்த சமயம், திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "அண்ணே, இந்த வீட்ல எனக்கு ஏதாவது இருக்கா?" சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மிதாக்ஷரம் சொன்ன அந்த மூன்றாவது விதி, தெளிந்தால் பங்கு உண்டு என்பது, எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

1996-ல் முன்னறையும் திண்ணையும் அவன் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம் என்று செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். 2009-ல் அந்த அறையில்தான் இறந்தான்.

நண்பர் மறு வாரம் வந்தார். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பத்திரம் எழுதும் முன் ஒரு நல்ல வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னவனுக்கு "சர்வ சுதந்திரமாய்" என்று கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் "விற்கக் கூடாது" என்று எழுதினால் அந்தத் தடை செல்லாது. 1882 சொத்து மாற்றுச் சட்டம் அப்படி. அதற்குப் பதில் ஆயுள் பரியந்தம் அனுபவ பாத்தியம் மட்டும் கொடுத்து, அவனுக்குப் பிறகு யாருக்கு என்றும் எழுதுங்கள். தன்னிடம் இல்லாத உரிமையை அவனால் விற்க முடியாது.

பெரியவனுக்கு எழுதி, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று வாய்வார்த்தையாக விடாதீர்கள். தம்பிக்கு மாதம் இவ்வளவு, வைத்தியச் செலவு இவ்வளவு என்று எழுதி, அதைச் சொத்தின் மேலேயே பொறுப்பாக ஏற்றுங்கள். பெரியவனைக் காப்பாற்றவும் அதுதான் வழி. நான் அந்தப் பெரியவன், அதனால் சொல்கிறேன்.

கொஞ்சம் பணமும் இருந்தால், இந்திய டிரஸ்ட் சட்டப்படி தனியார் டிரஸ்ட் வைக்கலாம். சொத்து யாருக்கும் நேரே போகாது. இரண்டு மூன்று டிரஸ்டிகள் வாடகை, மளிகை, மருந்து என்று நேரே கட்டுவார்கள். குடிக்கிற பிள்ளை கையில் ரொக்கம் போகாது. டிரஸ்டிகளில் ஒருவராவது அந்தச் சொத்துக்கு வாரிசாக இல்லாதவராக இருக்கட்டும். 1912 சட்டத்தின் பயத்தை மறக்க வேண்டாம்.

உங்கள் காலத்திலேயே பிள்ளைக்குச் செட்டில்மெண்ட் எழுதுவதானால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. நம்மைப் போன்ற ஓய்வூதியதாரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. மருத்துவச் சான்றும் கார்டியன் பெயரும் நாம் உயிரோடு இருக்கும்போதே பென்ஷன் காகிதத்தில் ஏறட்டும்.

2017 மனநலச் சட்டம் வைத்திய விஷயத்துக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய 1987 சட்டத்தில் இருந்த சொத்து மேனேஜர் ஏற்பாடு இதில் இல்லை. ஆகவே கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யுங்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவர் உங்கள் டாக்டராக இருந்தால் நல்லது.

இன்னும் ஒன்று. எழுதியதை அந்தப் பிள்ளை தெளிவாக இருக்கும் நாளில் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் நல்லா இருக்கறது காலைல ஏழு மணிக்கு சார், காபி குடிக்கிற நேரம்" என்றார்.

அந்த நேரத்திலேயே சொல்லுங்கள் என்றேன்.